சின்னவன் போன தடம்

தேடுதலை நிறுத்திவிட்டதாகச் சொல்ல வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். மலையில் மழை ஓயவில்லை, மண் இன்னும் சரிந்துகொண்டிருக்கிறது, இதற்கு மேல் ஆட்களை அனுப்பினால் அவர்களைத் தேட வேறு ஆட்களை அனுப்ப வேண்டிவரும் என்றார்.

"ஜீப் கிடைச்சுதா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இல்லம்மா."

"துணி, செருப்பு, எதாவது?"

"இல்லம்மா."

"ஒண்ணுமே கிடைக்கலைன்னா எதை வெச்சு முடிஞ்சதுன்னு சொல்றீங்க?"

அதிகாரி கதவருகே நின்றிருந்த ஃப்ரிட்ஜ்காரரைப் பார்த்தார். வீட்டுக்குப் பெரியவர் நிற்கிறாரே, இவர் எடுத்துச் சொல்லட்டும் என்கிற பார்வை. ஃப்ரிட்ஜ்காரரும் அதே கேள்வியைத்தான் கேட்க இருந்தார்.

ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவர் என்பதால் ஊரில் அவருக்கு அந்தப் பெயர். காணாமல் போனது அவருடைய ஒரே தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன், அவன் மனைவி சின்னவள். சின்னவன் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவான். அதுவும் சாலை இல்லாத பக்கமாகப் பார்த்து.

"ரோடு இருக்கிற இடத்துக்குத்தான் எல்லாரும் போறாங்களே அண்ணே" என்பான்.

"எனக்கு வாரம் பூரா மேடு பள்ளத்துல ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு அலைஞ்சு முதுகு விட்டுப்போகுது. நீ என்னடான்னா குலுங்குறதுக்குன்னே கிளம்பிப் போற" என்று இவர் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவன் தனியாகப் போனான். காலையில் வெயில். மத்தியானத்துக்கு மேல் வானம் பொத்துக்கொண்டது. வனத்துறைச் சாவடியில் ஜீப் உள்ளே போனதற்கு சாட்சி இருந்தது, வெளியே வந்ததற்கு இல்லை.

மலையில் அவன் வழக்கமாகப் போகும் தடம், ஒரு காலத்தில் மரம் ஏற்றும் லாரிகள் போன பாதை. இரண்டு ஓடைகளைக் கடந்து, மேலே கணவாய்க்கு ஏறி, மறுபக்கம் இறங்கும். தேடினவர்கள் இந்தப் பக்கமிருந்து இரண்டாவது ஓடை வரைக்கும் போனார்கள், வெள்ளம் நிறுத்திவிட்டது. மறுபக்கமிருந்து கணவாய் வரைக்கும் ஏறி வந்தார்கள்; சரிந்த மண் நிறுத்திவிட்டது. நடுவில் இருந்த பகுதியை மேலே கேமரா பறக்கவிட்டுப் பார்த்தார்கள். மேலே இருந்து பார்த்தால் மரங்களின் தலைதான் தெரியும். ஃப்ரிட்ஜ்காரர் அந்த நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டார். அங்கே யாரும் கால் வைத்துப் பார்க்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அவரிடம் ஒரு பிக்கப் இருந்தது. முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் இரண்டு ஃப்ரிட்ஜ்களை நிறுத்திக் கட்டலாம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதற்கான கியரை அவர் தொட்டதே இல்லை, எப்போதாவது தூசி துடைத்ததோடு சரி. மழை கொஞ்சம் விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். முதல் ஓடையை எட்டுவதற்கு முன்பே, பார்த்தால் ஒன்றுமில்லாத ஒரு சேற்றில் நான்கு சக்கரமும் ஒரே இடத்தில் சுற்றின. முடுக்க முடுக்க வண்டி புதைந்ததுதான் மிச்சம். கீழே தோட்டத்திலிருந்து ஒரு டிராக்டர்காரர் வந்து இழுத்துவிட்டார்.

"இந்த டயரோட இங்க எதுக்குங்க வந்தீங்க? இது தார் ரோட்டு டயர்" என்றார் அவர்.

மறுநாள் ஃப்ரிட்ஜ்காரர் மொட்டையின் பட்டறைக்குப் போனார். மொட்டைக்குத் தலை நிறைய சுருட்டை முடி. முதல்முதலாக மலைக்குப் போனபோது தேய்ந்து மொட்டையான டயரோடு போய் எல்லோர் கண்ணெதிரிலும் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்தவன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மலை வண்டிகளைத் தயார் பண்ணுவதுதான் அவன் தொழில். சின்னவனுடைய ஜீப்பையும் அவன்தான் செய்தான். எல்லா வாரமும் கூடவே போகிறவன், அந்த வாரம் மட்டும் வெளியூரில் இருந்தான்.

"டயர் மாத்தணும் தம்பி" என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

மொட்டை துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். "வண்டியைச் செய்யறது பெரிய விஷயமில்லண்ணே. செஞ்சுட்டுப் போய் என்ன பாக்கப்போறீங்க?"

"யாரும் பாக்காத இடத்தைப் பாக்கப்போறேன்."

மொட்டை பெரிய பல் வைத்த டயர் நான்கு போட்டான். சேற்றிலும் கல்லிலும் போகும்போது காற்றைப் பாதியாக இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் டயர் அகலமாகப் படுத்து தரையைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே போனார்கள். முன்பு புதைந்த சேற்றைப் பிக்கப் தாண்டியது. முதல் ஓடையையும் தாண்டியது. அதற்கப்பால் ஒரு பாறைப் படியில் அடிப்பாகம் உட்கார்ந்துகொண்டது. ஜாக்கி வைத்துத் தூக்கி, கல் அடுக்கி, பின்னால் இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ஆக, அடுத்தது வண்டியை உயர்த்துவது. புது ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர், அடியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் காப்பாக இரும்புத் தகடு. பாறைப் படியை ஏறினார்கள். மேலே ஒரு வளைவில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கி வெறுமனே சுற்ற, மற்றது தரையில் சும்மா நின்றது. அதற்கு, பின் அச்சில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற ஒரு பூட்டு. அந்த வளைவையும் தாண்டினார்கள். ஒவ்வொரு முறையும் முன்பு நின்ற இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் நின்றார்கள். நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, இருபக்கமும் சரிவில் இறங்கிப் பார்த்து, கைகளைக் குவித்துக் கூப்பிட்டார்கள். பூச்சிகள் கத்துவதை நிறுத்தின. பிறகு மறுபடி கத்தின.

வாரத்தின் மற்ற நாட்களில் அதே வண்டிதான் வேலைக்குப் போக வேண்டும். உயர்த்திய பிறகு அதில் ஒரு ஃப்ரிட்ஜை ஏற்றுவது மச்சுக்கு ஏற்றுவது மாதிரி ஆகிவிட்டது. முன்பு இரண்டு பேர் ஒரு மூச்சில் தூக்கி வைத்த பெட்டியை இப்போது நெஞ்சுக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது. ஃப்ரிட்ஜ்காரர் பலகையைச் சாய்த்துப் போட்டு ஏற்றிப் பார்த்தார், பலகை வழுக்கியது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஏசி பார்க்கப் போனவர், வழக்கம்போல் கீழ்த்தளத்துக்குள் வண்டியை விட்டார். கூரை உத்தரத்தில் வண்டியின் தலை சிக்கிக்கொண்டது. பின்னாலும் வர முடியவில்லை. காவலாளி வந்து பார்த்துவிட்டு, "வண்டி வளந்துடுச்சுங்களே சார்" என்றார். கடைசியில் நான்கு டயரிலும் காற்றை இறக்கித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

அவர் மனைவி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியைத் தேடுகிற மனிதரிடம் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கிளம்பும் முன் சோறு கட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் சேறு படிந்த துணியை ஊறவைத்தாள். அவளுக்கு முட்டிவலி, வண்டியில் ஏற ஒரு ஸ்டூல் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஸ்டூலை எடுத்துப் போக மறந்துவிட்டார்கள். திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. வண்டிக்குள் உட்கார்ந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அவர் ஓடைக்காக இன்ஜினுக்கு மூச்சுக்குழாய் வைக்கப் போவதாகச் சொன்னார். தண்ணீருக்கு மேலே, கூரை உயரத்திலிருந்து காற்று இழுக்கிற குழாய். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க தம்பியைத் தேடுறதுக்கு வண்டியைச் செய்யறீங்களா, இல்ல தேடிக்கிட்டே இருக்கறதுக்காகச் செய்யறீங்களா?"

அவர் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கோபம் வரவில்லை. "அந்த ஓடையைத் தாண்டிட்டா தெரிஞ்சுடும்" என்றார் கடைசியில்.

"தெரிஞ்சுட்டா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

வெயில் காலம் வந்தது. இரண்டாவது ஓடை இறங்கியது. மொட்டை முன்னால் நடந்து குச்சியால் ஆழம் பார்த்துக்கொண்டே போக, கதவுக்குக் கீழ்விளிம்பு வரை தண்ணீர் ஏற, பிக்கப் முக்கி முனகி மறுகரை ஏறியது. ஃப்ரிட்ஜ்காரர் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். யாரும் போகாத இடத்துக்கு வந்தாயிற்று. கொஞ்ச தூரத்திலேயே பெரிய மரம் ஒன்று தடத்தின் குறுக்கே விழுந்து கிடந்தது. அதை இழுத்துப் போட வின்ச் வேண்டும். முன் பம்பரில் மாட்டுகிற மோட்டார், கம்பிக்கயிறைச் சுற்றி இழுக்கும்.

மொட்டை வின்ச்சை மாட்டிக் கொடுத்தான். கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு ஸ்பானரைக் கீழே வைக்காமல் நின்றான்.

"அண்ணே, நான் இனிமே வரலண்ணே."

"என்ன தம்பி திடீர்னு?"

"அந்த மரம் தானா விழலண்ணே. வேரோட வந்திருக்கு. மேல மண்ணு மொத்தமா நகந்திருக்கு. அங்க என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்." கையிலிருந்த ஸ்பானரைத் திருப்பினான். "அவன் இருந்தா இந்நேரம் நடந்தாவது வந்திருப்பான்ணே. அவனுக்கு அந்த மலை தண்ணிபட்ட பாடு."

ஃப்ரிட்ஜ்காரர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். வற்புறுத்தவில்லை.

மொட்டை வரவில்லை என்பது எப்படியோ சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற வேலை. சின்னவன் போன பிறகு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஃப்ரிட்ஜ்காரர் வண்டியைக் கிளப்பும்போது தெருமுனையில் வந்து நின்றாள். காலில் சின்னவனுடைய பழைய பூட்ஸ், உள்ளே துணி அடைத்திருந்தாள்.

"நீ எதுக்கும்மா? அங்க உட்காரவே முடியாது."

"தனியா போக வேண்டாம் மாமா. ஏற்கெனவே ஒருத்தர் தனியாத்தான் போனார்."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

தார்ச்சாலை முடிகிற வரைக்கும் டயர் இரைச்சலில் பேச முடியவில்லை. சாவடிக்கு அப்பால் மண்பாதையில் வண்டி மெதுவானதும் அவள் சொன்னாள்: "இந்தச் சத்தம் மூணு தெரு தள்ளி வரும்போதே எனக்குக் கேட்டுடும் மாமா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அவரோட ஜீப்பும் இதே சத்தம்தான். ஒவ்வொரு தடவையும் அடுப்பை அணைச்சுட்டு வாசலுக்கு ஓடுவேன். நீங்கதான்னு தெரியும். தெரிஞ்சேதான் ஓடுவேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீங்க போறதை நிறுத்திடுவீங்களோன்னு பயம். இப்ப, நிறுத்த மாட்டீங்களோன்னு பயம்."

மரத்தை வின்ச்சால் இழுத்து ஒதுக்க வெகுநேரம் ஆனது. கம்பிக்கயிறை விழுந்த மரத்தில் கட்டி, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி, அங்குலம் அங்குலமாக இழுத்தார். அதற்கு அப்பால் பாதை நன்றாகவே இருந்தது. அதுதான் அவரை நம்ப வைத்தது. கெட்டியான தரை, இருபக்கமும் நிழல், எங்கோ ஒரு பறவை. பின் அச்சின் பூட்டைப் போட்டு லோ கியரில் ஏற்றினார். வண்டி ஒரு இடத்திலும் தயங்கவில்லை. இத்தனை மாதம் செய்த ஒவ்வொரு வேலையும் சரியாக இருந்தது. சக்கரம் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்தது, ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. ஒரு வளைவில் அவர் தன்னை அறியாமல், "பாத்தியாடா" என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று சின்னவள் கேட்கவில்லை.

அடுத்த வளைவில் பாதை இல்லை.

பள்ளமோ, பாறையோ, தாண்டுவதற்கு ஏதாவது ஒன்று இருந்திருந்தால் பரவாயில்லை. மலையின் ஒரு பக்கம் முழுவதும், மேலே கணவாயிலிருந்து கீழே கண்ணுக்கெட்டாத பள்ளத்தாக்கு வரை, வழித்து எடுத்ததுபோல் சிவந்து கிடந்தது. வீட்டளவு பாறைகள், தலைகீழான மரங்கள், எல்லாவற்றையும் மூடி மண். அந்த மண்ணின் மேல் ஏற்கெனவே புல் முளைத்திருந்தது. இளம்பச்சையாக, யாரோ விதைத்து வளர்த்தது மாதிரி.

ஃப்ரிட்ஜ்காரர் இறங்கி விளிம்புவரை போனார். "வின்ச் கயிறு பத்தாது" என்றார். "நீளக் கயிறா வாங்கி, வண்டியில கட்டி இறங்கினா அந்தப் பாறை வரைக்கும் போயிடலாம். அங்க இருந்து… இல்ல, மண்ணு தோண்டுற மிஷின் ஒண்ணை மறுபக்கம் வழியா…" கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

சின்னவள் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று, வீட்டுக்குள் இருக்கிற கணவனை அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"என்னங்க…"

கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, உரக்க.

"என்னங்க!"

சரிந்த மண் அந்தக் குரலை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. எதிரொலிகூட வரவில்லை. அவள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். அதிகாரி வந்த அன்றைக்கு அழாத அழுகை, கடையில் கண் சோதிக்கும்போது அழாத அழுகை. ஃப்ரிட்ஜ்காரர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தார்.

"போதும் மாமா" என்றாள் அவள் நெடுநேரம் கழித்து. "வந்துட்டோம். இதுக்கு அப்புறம் இடமே இல்ல."

"இருக்கும்மா. மறுபக்கம் இருந்து…"

"மாமா." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அவர் இதுக்குள்ள இருக்கார். எனக்குத் தெரிஞ்சுடுச்சு. நீங்களும் தெரிஞ்சுக்கங்க."

அவர் தலையாட்டினார். அப்படி ஆட்டினால்தான் அவள் எழுந்திருப்பாள் என்பதற்காக ஆட்டினார். தெரிந்துகொண்டாரா என்பது வேறு விஷயம்.

வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே இறக்க வேண்டும். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே நின்று வழி காட்டினாள். "வலது பக்கம் ஒடிங்க… இன்னும்… போதும். நேரா விடுங்க." வண்டி ஓட்டத் தெரியாதவள். ஆனால் ஒரு இடத்திலும் தவறாகச் சொல்லவில்லை. கண்ணாடியில் சிறிதாகத் தெரிந்த அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு அவர் இறக்கினார்.

அதற்குப் பிறகு அவர் மலைக்குப் போகவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே விழித்து, உடுத்தி, சாவியை எடுத்து, வாசல்வரை வந்துவிட்டார். மனைவி பின்னால் வந்து நின்றாள், தடுக்கவில்லை. அவர் வண்டியின் பானட்டைத் திறந்து உள்ளே எதையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மூடினார். அன்று முழுதும் வீட்டில் எந்த நாற்காலியிலும் அவரால் உட்கார முடியவில்லை. வண்டியைப் பழையபடி இறக்கிவிடலாமா என்று மொட்டை ஒருமுறை கேட்டான். பழைய ஸ்பிரிங்குகளை எப்போதோ இரும்புக்குப் போட்டாயிற்று. புதிதாகத் தேடி வாங்கலாம். "பாக்கலாம்" என்றார் ஃப்ரிட்ஜ்காரர். பார்க்கவில்லை.

சின்னவள் தன் கடையின் கிளை இருந்த வேறொரு நகரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்ல முடியவில்லை. சாமான்களை ஃப்ரிட்ஜ்காரரே பிக்கப்பில் ஏற்றிப் போனார். கட்டில், மேசை, துணிமூட்டைகள், ஃப்ரிட்ஜ். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகத் தெரியாத வண்டியாகிவிட்டது அது, காற்றடித்தால் ஆடியது. அவளுக்குத் துணையாக வந்த அவர் மனைவியும் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தாள்.

புது வீடு மாடியில், ஒரு அறையும் சமையலறையும். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று சாமான் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குணமுள்ளவள், எல்லோருக்கும் டீ போட்டு வந்தாள். ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படி திரும்பும்போது, மேலே அவள் சின்னவளிடம் கேட்டது ஃப்ரிட்ஜ்காரர் காதில் விழுந்தது.

"உங்க வீட்டுக்காரர் பின்னால வர்றாரா?"

ஃப்ரிட்ஜ்காரர் படியிலேயே நின்றுவிட்டார். மறுமுனையைப் பிடித்திருந்த கூலி ஆள், "என்னண்ணே, கனக்குதா?" என்றார்.

"இல்லைங்க" என்றாள் சின்னவள் மேலே. "அவர் இறந்துட்டார்."

அந்த வார்த்தையை அவர் முதன்முறையாகக் கேட்டார். வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவள் அதைக் கடையில் கண்ணாடியின் எண்ணைப் படித்துச் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னாள். வீட்டுக்காரம்மா "ஐயோ" என்றாள்.

ஃப்ரிட்ஜை மேலே கொண்டுபோய்ச் சமையலறை மூலையில் நிறுத்தினார். நான்கு காலும் சமமாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒரு கால் ஆடியது; திருகிச் சரிசெய்தார். அதற்கு மேல் அங்கே அவருக்கு வேலை இல்லை.

"உடனே சுவிட்ச் போட்டுடாதம்மா. குலுங்கி வந்திருக்கு. கொஞ்ச நேரம் அடங்கட்டும்."

"சரி மாமா."

"ராத்திரி போட்டுக்கோ."

"சரி மாமா."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று நின்றார். மனைவி கீழே இறங்கிவிட்டிருந்தாள்.

"வர்றேம்மா" என்றார்.

அவள் தலையசைத்தாள். அவர் படியிறங்கி, மனைவியைக் கைகொடுத்து வண்டியில் ஏற்றி, தானும் ஏறினார். வழியில் ஃபோன் அடித்தது. யாரோ ஒருவர் வீட்டில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம், இன்றைக்கே வர முடியுமா என்று கேட்டார்கள். நேரமாகும், ஆனால் வந்துவிடுகிறேன் என்று சொன்னார்.